காயமும் தகுதியும்: எரிக் லிண்ட்ராஸ் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டொராண்டோவில் உள்ள ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் அரங்கில், பனிக்கட்டி ஹாக்கி வீரர் எரிக் லிண்ட்ராஸுக்கு இடம் தந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அவர் ஆடியவை 760 ஆட்டங்கள்தாம். அந்த லீக்கின் சாம்பியன் அணிக்குத் தரப்படும் ஸ்டான்லி கோப்பையை ஒருமுறைகூட வென்றதில்லை. காயப்படாமல் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்ற இரக்கம்தானே அந்த இடத்தை வாங்கித் தந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இரக்கத்தின் பேரில் எவரையும் அங்கே சேர்க்கக் கூடாது என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. லிண்ட்ராஸின் தம்பி பிரெட்டும் தலையில் பட்ட அடிகளால்தான் 51 ஆட்டங்களோடு 1996இல் ஓய்வு பெற்றார்; அவருக்காக எவரும் வாதாடவில்லை. அண்ணனுக்காக வாதாடுவதற்குக் காரணம், அவர் ஆடாமல் போன ஆட்டங்கள் அல்ல, ஆடியவைதாம்.

அந்த 760 ஆட்டங்களில் 372 கோல்கள் அடித்து, 493 கோல்களுக்கு உதவி, இரண்டையும் கூட்டி 865 புள்ளிகள் சேர்த்தார். 1995இல், 22 வயதில், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதைப் பெற்றார்; உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் இடையிலான தகராறால் 48 ஆட்டங்களாகச் சுருங்கிய அந்தப் பருவத்தில் அவரும் யாரோமிர் யாகரும் ஆளுக்கு 70 புள்ளிகள் எடுத்திருக்க, கோல் கணக்கில் முந்தியதால் அதிகப் புள்ளிக்கான விருது யாகருக்குப் போனது. கோப்பை என்பது அணியின் சாதனை. 1997 இறுதிச் சுற்றில் டெட்ராய்ட்டிடம் அவருடைய ஃபிலடெல்ஃபியா அணி நான்கு ஆட்டங்களையும் தோற்றதற்கு அவர் ஒருவரை மட்டும் பொறுப்பாக்க முடியாது.

ஆட்ட எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், முதலில் வெளியேற வேண்டியவர் பாபி ஓர். முழங்கால் சிதைந்து 657 ஆட்டங்களோடு நின்றுபோன அவரை, ஓய்வுக்குப் பிந்தைய மூன்றாண்டுக் காத்திருப்பு விதியையே தளர்த்தி 1979இல் சேர்த்தார்கள். பாபி ஓர் எட்டிய உச்சத்தை லிண்ட்ராஸ் எட்டவில்லைதான். லிண்ட்ராஸோடு ஒப்பிடத் தக்கவர் கேம் நீலி. தொடைக் காயத்தால் முடங்கிய நீலி 726 ஆட்டங்களில் 694 புள்ளிகள் எடுத்தவர், ஹார்ட் விருது பெறாதவர். அவர் 2005இலேயே சேர்க்கப்பட்டுவிட்டார்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2000 மே மாதம் எதிரணி வீரர் ஸ்காட் ஸ்டீவன்ஸின் தோள் லிண்ட்ராஸின் தலையில் மோதிய பிறகு நாம் பார்த்தது பழைய ஆட்டக்காரரை அல்ல. தலையைக் குனிந்தபடி பக்கை (ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டை) கொண்டு செல்லும் பழக்கமும் அவரிடம் இருந்தது. ஆனால் அந்த மோதலுக்கு அன்று தண்டனை கூட விதிக்கப்படவில்லை. தலையைக் குறிவைக்கும் மோதல்களுக்கு எதிரான தனி விதி 2010இல்தான் வந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 2010இலேயே தகுதிக் காலத்தை எட்டியவரைத் தேர்வுக்குழு 2016 வரை ஏன் காக்க வைத்தது? வாக்கெடுப்பு மூடிய அறையில் நடப்பதால் காரணம் வெளியே வராது. 1991இல் லீக்கின் புதுமுக வீரர் தேர்வில் தம்மைத் தேர்ந்தெடுத்த கியூபெக் அணிக்கு ஆட மறுத்ததும், மூளை அதிர்ச்சியைக் கண்டறியத் தவறியதாக ஃபிலடெல்ஃபியாவின் மருத்துவப் பணியாளர்களைக் குறை கூறி 2000 மார்ச்சில் அணித்தலைமையை இழந்ததும் அவருக்கு எதிராக எண்ணப்பட்டிருக்கும் என்றே நான் ஊகிக்கிறேன். ஆட்டக்காரரின் குணமும் அங்கே ஓர் அளவுகோல் என்பதால், மருத்துவப் பணியாளர்களைக் குறை கூறிய அந்த இரண்டாவது செயல் அவருக்கு ஆதரவாக அல்லவா எண்ணப்பட்டிருக்க வேண்டும்?