செருப்பு கழன்றது தெரியவில்லையா?

மதுரைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் வாடகை கார் ஓட்டுநருக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இடது கால் செருப்பு கழன்று விழுந்தது. பின்னால் வந்த பையன் 'அண்ணே, செருப்பு!' என்று கத்திய பிறகுதான் தெரிந்தது." நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

வயது 54, சர்க்கரை வந்து பதினொரு வருடம். இருபது வருடமாக வெறுங்காலோடு ஓட்டுகிறீர்கள், அதனால் நரம்பு கெடும் என்று ஒரு வீடியோ சொன்னதாம். அப்படி ஓட்டுவதால் எந்த நரம்பும் கெடாது. ஆனால் கால் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அந்தச் செருப்பு சொல்லிவிட்டது. பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

சர்க்கரை பல வருடம் கூடுதலாகவே இருந்தால் முதலில் அடிபடுவது உடம்பிலேயே நீளமான நரம்புகள். அதனால்தான் மரத்துப்போவது கால்விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். எரிச்சல், குத்தல் உள்ளவர்கள் தூங்க முடியாமல் மருத்துவரிடம் ஓடி வருவார்கள். காலில் எந்த உணர்ச்சியும் தெரியாதவர்கள் வருவதே இல்லை.

சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர் மாத்திரை எழுதி வாங்கிப் போக வந்திருந்தார். கால்களைக் காட்டச் சொன்னேன். வலது பெருவிரலுக்குக் கீழே சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன், போகவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தால் வருகிறது ஒரு ஆணி, பின்னாலேயே சீழ். எத்தனை நாளாக அதை மிதித்து நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. காலைக் காப்பாற்றினோம், அந்தப் பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்று இரவே வீட்டில் ஒன்று செய்யுங்கள். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் மனைவி ஆள்காட்டி விரலால் லேசாகத் தொடட்டும். ஓரிரு வினாடி போதும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொடுவது தெரிந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆறு தொடுதலில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரின் மருத்துவமனையில் உருவான சோதனை இது. ஆறும் தெரிந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். அவர் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார், தட்டினால் அதிரும் இசைக்கவையைப் பெருவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார். கூடவே பாதத்தில் நாடித்துடிப்பு, மூன்று மாதச் சராசரி சர்க்கரை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுவதால் வைட்டமின் பி12 குறையலாம், அந்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் அந்த 'நரம்பு மாத்திரை' வேண்டாம். எது குறைகிறது என்று பார்க்காமல் எதை நிரப்பப் போகிறீர்கள்?

வண்டி ஓட்டுவதற்கு வருவோம். காலில் நல்ல உணர்ச்சி உள்ளவர் காரை வெறுங்காலோடு ஓட்டினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கழற்றிய செருப்பைப் பெடலுக்குப் பக்கத்தில் போடாமல் இருந்தால் போதும். பிரேக்குக்கு அடியில் அது நழுவிப் போனால் தீர்ந்தது. உங்கள் விஷயம் வேறு. எந்தப் பெடலில் கால் இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதம்தான் சொல்ல வேண்டும். அது சொல்லாவிட்டால், பின் சீட்டில் இருப்பவர் உயிரும் சேர்ந்து போகும். பரிசோதனை முடியும்வரை சவாரி எடுக்காதீர்கள். பிழைப்பு என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

வீட்டுக்குள்ளும் இனி வெறுங்கால் கூடாது. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு வாங்குங்கள், சாயங்காலமாகப் போய் வாங்குங்கள். அப்போதுதான் கால் வீங்கியிருக்கும் அளவு தெரியும். போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ராத்திரி படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புண், கொப்புளம், நிறமாற்றம், அல்லது வலியே இல்லாமல் ஒரு கால் மட்டும் சிவந்து சூடாக வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் வைப்பது வேண்டவே வேண்டாம். தோல் வெந்துபோகும்வரை உங்களுக்குச் சூடு தெரியாது. ஆணிக்காலுக்கு ஒட்டும் பட்டையும் அப்படித்தான், அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும்.

மற்றக் கேள்விகள். கார் மிதியடியிலிருந்து கொக்கிப்புழு ஏறாது; அது மலம் கலந்த ஈர மண்ணிலிருந்து வருவது. புல்லில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை இறங்கும் என்கிறார்கள். இறக்குவது நடை, புல் இல்லை. செருப்போடு நடங்கள். பித்தவெடிப்புக்குத் தினம் தேங்காய் எண்ணெய் போதும், விரலிடுக்கில் மட்டும் தடவாதீர்கள்.

கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் வெறுங்காலோடு இருக்கலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். குருசாமியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் என் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். செருப்பு போட்டுக்கொண்டே விரதம் இருந்து மலைக்குப் போய் வந்தவர்கள் என் நோயாளிகளிலேயே இருக்கிறார்கள். மாலை போட இன்னும் நாள் இருக்கிறது. கால் பரிசோதனையை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.