ஸ்கேன் எடுக்க எங்கே போவது, காசு யார் தருவார்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் ஐந்தைத் தெரிந்தெடுத்து, எக்ஸ்றே அறையில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, நான் செங்கலடியில் ஆசிரியையாக இருக்கிறேன். அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவுக்கு மாதாமாதம் சம்பளத்தில் காசு கழிகிறது. அந்தக் காப்புறுதியை ஏற்கும் கதிரியல் நிபுணர் (ஸ்கேன் படத்தைப் பார்த்து அறிக்கை தரும் வைத்தியர்) மட்டக்களப்பில் யார்?

வைத்தியர் காப்புறுதியை ஏற்பதும், கட்டணப் பில்லை அரசுக்கு நேரே அனுப்புவதும் கனடா போன்ற நாடுகளின் நடைமுறை. அங்குள்ள உறவினர் சொல்லக் கேட்டு நம்மவர்களும் இப்படித் தேடுகிறார்கள். நம் நாட்டில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ, அம்பாறை பொது வைத்தியசாலையிலோ, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ இருக்கும் கதிரியல் நிபுணருக்கு நீங்கள் கட்டணம் செலுத்துவதில்லை. ஆகவே அங்கே காப்புறுதி அட்டைக்கு வேலையுமில்லை. கிளினிக் வைத்தியரோ வாட்டு வைத்தியரோ எழுதித் தரும் கோரிக்கைப் படிவம்தான் அங்கே செல்லுபடியாகும்.

2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியமே அக்ரஹாரவை நடத்துகிறது. தனியார் நிலையத்தில் ஸ்கேன் எடுத்தால், முதலில் நீங்கள் காசைக் கட்டி, பின்னர் காப்புறுதிக் கோரிக்கையை உங்கள் நிறுவனத் தலைவரின் அத்தாட்சியுடன் அனுப்பி மீளப் பெற வேண்டியவர் என்றே எண்ணித் திட்டமிடுங்கள். பரிசோதனையை எழுதித் தந்த வைத்தியரின் கடிதம், பெயரும் திகதியும் தெளிவாக உள்ள அசல் பற்றுச்சீட்டு, அறிக்கையின் பிரதி ஆகிய மூன்றையும் அன்றைக்கே ஒரு கோவையில் போட்டு வையுங்கள். வாட்டில் தங்கியவருக்கு ஒரு விதி, வெளிநோயாளருக்கு இன்னொரு விதி என்று நலன்கள் பிரிந்திருப்பதால், காசைக் கட்டுவதற்கு முன்பே வலயக் கல்வி அலுவலகத்தில் இதற்குப் பொறுப்பான எழுதுவினைஞரிடம் அந்த நலன்களின் அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். வாப்பாவுக்கு மருந்து ஏற்றி வயிற்றில் சீ.ரி. ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் தவணை ஆறு கிழமை தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். நகையை அடகு வைத்துத் தனியாரில் எடுக்கலாமா?

அடகுக் கடைக்குப் போகுமுன் கிளினிக் வைத்தியரிடம் ஒருமுறை திரும்பப் போங்கள், தம்பி. தவணையை முந்த வைப்பது படிவத்தில் எழுதியிருக்கும் காரணம். எத்தனையோ படிவங்களில் 'வயிற்று வலி' என்ற ஒற்றைக் குறிப்பைத் தவிர வேறொன்றும் இராது. அதைக் கையில் வாங்கும் கதிரியல் நிபுணர் அந்த நோயாளியை எந்த வரிசையில் வைப்பார்? எதைத் தேடிப் படத்தைப் பார்ப்பார்? 'இரண்டு மாதத்தில் எட்டுக் கிலோ மெலிந்துள்ளார், கண் மஞ்சளாக உள்ளது, கணையத்தில் கட்டி இருக்கலாம் எனச் சந்தேகம்' என்று எழுதிய படிவம் வந்தால், அதே நிபுணர் திகதிக் கொப்பியைத் திருப்பி வாங்கி இடம் தேடுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாப்பாவின் மெலிவு, காய்ச்சல், மலத்தில் இரத்தம் என எது இருந்தாலும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். வேறு அரச வைத்தியசாலையில் முந்திய திகதி கிடைக்குமா என்றும் அவரிடமே கேட்கலாம்.

காத்திருக்கும் நாட்களில் சிறுநீரகத்துக்கான கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையைச் செய்து முடிவைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் வந்து, மருந்து ஏற்ற முடியாமல் திரும்பிப் போனவர்கள் பலர். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குளிசை எடுப்பவரானால் அதையும், முன்பு ஸ்கேன் மருந்துக்கோ வேறு மருந்துக்கோ ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் வலி தாங்க முடியாமல் போனாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, தவணையைப் பார்த்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

களுவாஞ்சிகுடியில் தனியார் நிலையத்தில் அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். பார்த்தவர் கதிரியல் நிபுணர்தானா என்று எப்படி அறிவது?

அறிக்கையின் அடியில் பெயரும் தகைமையும் இருக்க வேண்டும்; வெறும் கையொப்பம் மட்டும் இருந்தால் கேட்டுப் பெறுங்கள். பெயர் கிடைத்தால் இலங்கை மருத்துவ சபையின் பதிவேட்டில் பார்க்கலாம். தனியார் நிலையங்களும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டியவை. காப்புறுதிக் கோரிக்கைக்கும் பெயரில்லாத அறிக்கை உதவாது.

கல்முனையில் தனியார் கம்பனியில் வேலை. எம்.ஆர்.ஐ. செலவைக் காப்புறுதி மறுத்துவிட்டது.

மறுப்பை எழுத்தில், எந்த நிபந்தனையின் கீழ் என்ற விபரத்துடன் கேளுங்கள். முதலில் காப்புறுதி நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்து, தீராவிட்டால் இத்தகைய முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். பெரிய சத்திரசிகிச்சைக்கே காசு தேவை என்றால் ஜனாதிபதி நிதியத்துக்கான மருத்துவ உதவி விண்ணப்பங்களை 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலும் ஏற்கிறார்கள். சிகிச்சைக்கு முன்னரே போய் விசாரியுங்கள்.

வாகரையைச் சேர்ந்த தாய் நான். சண்டைக் காலத்தில் பட்ட செல் துண்டு முதுகில் இருக்கிறது. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதித் தந்திருக்கிறார்கள். துண்டு இருப்பதைச் சொன்னால் விசாரணை வருமா, ஸ்கேனைத் தரமாட்டார்களா என்று பயமாக இருக்கிறது.

அம்மா, கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகப் பெரிய காந்தம். இரும்பு கலந்த துண்டு அதனுள் அசையவோ சூடாகவோ கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு வடம், பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றின் பக்கத்தில் இருந்தால் ஆபத்து அதிகம். தசைக்குள் பல ஆண்டுகளாக அசையாமல் இருக்கும் துண்டுடன் ஸ்கேன் எடுக்கலாமா என்பதைக் கதிரியல் நிபுணர் எக்ஸ்றே பார்த்துத் தீர்மானிப்பார்; வேண்டாமென்றால் சீ.ரி. போன்ற வேறு வழி உண்டு. ஸ்கேனுக்கு முன் நிரப்பும் கேள்விப் படிவத்தில் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று எல்லோரிடமும்தான் கேட்கிறார்கள். அது எப்படி வந்தது என்ற கதையை நீங்கள் சொல்லத் தேவையில்லை.

ஒருமுறை உங்களைப் போன்ற ஒரு தாய், வெள்ளத்தில் நனைந்து ஓரம் ஒட்டிப்போன பழைய எக்ஸ்றே படமொன்றை சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஓரம்தான் பழுது, நடுவில் நெற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி அப்படியே தெரிந்தது. புதிதாக எடுத்த படத்தில் அது அதே இடத்தில் இருந்ததைப் பார்த்த பின்னரே நிபுணர் முடிவெடுத்தார். உங்களிடமும் அப்படி ஏதும் படம் பெட்டிக்குள் இருந்தால், எந்த நிலையில் இருந்தாலும் எடுத்துப் போங்கள்.