தொட்டி தயார்... தண்ணீர் தயாரா?

கேள்வி: "மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீள மீன் தொட்டி வாங்கினோம். கூழாங்கல், மோட்டார் ஃபில்டர், லைட் எல்லாம் போட்டு, அன்றைக்கே இரண்டு கோல்டு ஃபிஷ், ஆறு கப்பி, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று விட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. முழுத் தண்ணீரையும் கொட்டி, கல், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்பினோம். ஒரு வாரத்துக்குள் கோல்டு ஃபிஷ் இரண்டும் நாலு கப்பியும் செத்துவிட்டன. எங்கள் வீட்டில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து வரும். ராத்திரி சத்தம் அதிகம் என்று மோட்டாரை அணைத்துவிடுவோம். எங்கே தப்பு? முதலிலிருந்து எப்படி ஆரம்பிப்பது?"
— பெரம்பூரிலிருந்து ஒரு வாசகி

பதில்: முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். மிச்சமிருக்கும் இரண்டு கப்பிகளைக் காப்பாற்றிக்கொண்டே இதே தொட்டியைச் சரிசெய்துவிடலாம். ஆனால் அடுத்த ஆறு வாரங்களுக்குப் புது மீன் எதுவும் வாங்கக் கூடாது. இதை மகளிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மீன் செத்ததில் அவள்மேல் தப்பு எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் வரிசையைப் பார்த்தால் மீன்கள் நோயால் சாகவில்லை, தங்கள் கழிவாலேயே செத்திருக்கின்றன. மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் அடியில் கிடக்கும் உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது கரைந்து போய்விடும். ஐம்பது லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் போக இடம் ஏது?

அதைத் தின்பதற்கென்றே பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நைட்ரேட் மட்டும் அவ்வளவு கெடுதல் இல்லை, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். சிக்கல் என்னவென்றால் இந்தப் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகும். புதுத் தொட்டியில் போதுமான அளவு சேர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டியில் முதல் நாளே ஒன்பது மீன்கள் கழிவு போட ஆரம்பித்தன, அதைத் தின்ன ஆளே இல்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வெளுத்ததும் இதன் ஒரு பகுதிதான். அது வேறு வகைப் பாக்டீரியா, மிச்ச உணவைத் தின்று தண்ணீரிலேயே மிதந்து பெருகுகிறது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் சில நாளில் தானே தெளிந்துவிடும். நீங்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் கழுவியபோது, ஸ்பாஞ்சில் அப்போதுதான் குடியேற ஆரம்பித்திருந்த நல்ல பாக்டீரியாவும் குளோரின் தண்ணீரோடு போய்விட்டது.

சரி, இன்று ராத்திரி என்ன செய்வது?

மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உணவை இரண்டு நாள் நிறுத்துங்கள். நன்றாக வளர்ந்த கப்பிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பைத் தனியாக ஒரு மக்கில் கரைத்துச் சேருங்கள், உங்கள் தொட்டிக்குச் சுமார் 45 கிராம் வரும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக உள்ளே போவதைத் தடுக்கும். இது ஒரு தடவைதான். பிறகு தண்ணீர் மாற்றும்போது, எடுத்த தண்ணீரின் அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். அபாயக் கட்டம் தாண்டியதும் அதையும் விட்டுவிடலாம்.

உப்புப் போடுவதற்கு முன்னால் சக்கர் மீனை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். உண்மையில் அது தின்பதைவிடப் போடும் கழிவு அதிகம், ஒன்றரை அடி வரை வளரவும் செய்யும். கடையில் வாங்க மாட்டோம் என்றாலும் தயவுசெய்து ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. செதில் எலும்புத் தகடுபோல் இருப்பதால் மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது, மற்ற மீன்களின் இரையையும் பறிக்கிறது. வளர்க்க முடியாத மீனைக் குளத்தில் விடுவதைப் புண்ணியம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குளத்துக்கு அது பெரிய கேடு.

அப்புறம் மோட்டார். அதை ராத்திரியில் அணைக்கவே கூடாது. நல்ல பாக்டீரியா வாழ்வது தண்ணீரில் இல்லை, ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான். அதற்கு ஆக்சிஜன் உள்ள தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மணி நேரம் நிறுத்தினால் ஸ்பாஞ்சுக்குள் ஆக்சிஜன் தீர்ந்து அது சாக ஆரம்பிக்கும். தூங்க முடியாத அளவுக்குச் சத்தம் என்றால், மோட்டார் கண்ணாடியில் உரசி அதிர்கிறதா, உள்ளே கல் துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்குங்கள். விலையும் குறைவு, முதல் தொட்டிக்கு நான் எப்போதும் சிபாரிசு செய்வது அதைத்தான். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் மின்சாரம் போகும்போது குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி பம்புக்குள் வந்துவிடும். எந்த ஒயராக இருந்தாலும் ப்ளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கும்படி விடுங்கள். ஒயரில் வழிந்துவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ப்ளக்குக்கு ஏறாது. தொட்டிக்குள் கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்து ப்ளக்கையும் பிடுங்கச் சொல்லி மகளைப் பழக்குங்கள். தண்ணீரில் கை வைத்து மின்சாரத்தோடு விளையாடக் கூடாது. வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் போட்டுவிட வேண்டும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும், ஏர் பம்ப் குழாயைப் போட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரத்துக்கு மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து போதும், பாட்டிலில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம்.

சென்னைப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமானது, அதாவது தாது உப்பு அதிகம் உள்ளது. பிஎச் (தண்ணீர் அமிலமா, காரமா என்று காட்டும் அளவு) 8-ஐ ஒட்டியும் இருக்கும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும், ஒன்று கடும் விஷம், மற்றது அவ்வளவு இல்லை. பிஎச் 7 உள்ள, 30 டிகிரி தண்ணீரில் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் கீழே. அதே சூட்டில் பிஎச் 8 ஆனால் 7 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதாவது வெயில் ஊரில், போர் தண்ணீரில், அதே அளவு கழிவு பல மடங்கு வேகமாக மீனைக் கொல்லும். குளிர்நாட்டுக்காரர் போடும் வீடியோவைப் பார்த்து நாம் அப்படியே செய்தால் ஏன் சரிவரவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இதைக் கேட்டதும் கேன் தண்ணீர் அல்லது ஆர்ஓ தண்ணீருக்கு மாறிவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். ஆர்ஓவில் தாது உப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடுவதால் பிஎச் நிலையில்லாமல் சட்டென்று சரியும், கப்பிக்கும் அது ஆகாது. கப்பி, மோலி, பிளாட்டி மூன்றுமே கடினத் தண்ணீரை விரும்புபவை. உங்கள் சம்ப் தண்ணீர், குளோரினை மட்டும் எடுத்துவிட்டால், அவற்றுக்கு நல்ல தண்ணீர்தான்.

இனி அந்த ஆறு வாரம். சொட்டு மருந்துபோலச் சின்னச் சின்ன பாட்டில்களில் வரும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் நான்கும் பார்க்கக்கூடியதாக. கலர் லைட்டுக்கும் பிளாஸ்டிக் செடிக்கும் செலவழிப்பதை இதில் போடலாம். கிட்டிலுள்ள சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, சொட்டு விட்டு, குலுக்கி, சொன்ன நிமிடம் காத்திருந்து அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட வேண்டும். அம்மோனியா சோதனையில் பெரும்பாலும் மஞ்சள் நிறம் வந்தால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற ஆபத்து. நிறம் பார்க்கும் வேலையை மகளிடமே கொடுத்து, ஒரு நோட்டில் தேதிபோட்டு எழுதச் சொல்லுங்கள். மீன் வாங்காத வாரங்களில் குழந்தைக்குச் செய்ய ஒரு வேலையும் ஆயிற்று.

முதல் இரண்டு வாரம் தினமும் பாருங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ லிட்டருக்கு 0.25 மில்லிகிராமைத் (அட்டையில் பிபிஎம் என்றும் இருக்கும்) தாண்டினால் அன்றைக்கே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். பிறகு நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் தலைகாட்டும். தொடர்ந்து ஒரு வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். நடுவில் கண்ணாடியில் பழுப்பு நிறப் பாசி படியும், பழைய ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம்.

காத்திருப்பைக் குறைக்க ஒரு நல்ல வழி உண்டு. தெரிந்தவர் வீட்டில் மாதக்கணக்கில் மீன்கள் சாகாமல் ஓடும் தொட்டி இருந்தால், அவர்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு ஸ்பாஞ்சை அந்தத் தண்ணீரிலேயே நனைத்து எடுத்துவந்து உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். பல தொட்டிகள் இரண்டு, மூன்று வாரத்திலேயே தயாராகிவிடும். நோய் வந்த தொட்டியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

வேறு எந்த வாசகராவது இன்னும் மீனே வாங்கவில்லையென்றால் உங்களுக்கு இது இன்னும் எளிது: தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவு மட்டும் போட்டு வாருங்கள். அது அழுகி வரும் அம்மோனியாவிலேயே பாக்டீரியா வளர்ந்துவிடும், எந்த உயிரும் வதைபடாது.

தொட்டி தயாரான பிறகு என்ன மீன் வாங்கலாம்? கோல்டு ஃபிஷ் மறுபடி வேண்டாம். அது குளிர்ந்த தண்ணீர் மீன், நம் வெயிலில் திணறும், நிறையக் கழிவு போடும், நன்றாக வளர்த்தால் அரையடிக்கு மேல் வளர்ந்து பத்து வருஷமும் வாழும். உங்கள் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் கணக்குப்படி 56 லிட்டர், கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர்தான் தேறும். அதில் ஒரு கோல்டு ஃபிஷ்கூட அதிகம்.

இருக்கும் இரண்டு கப்பியோடு இன்னும் நாலு கப்பி சேருங்கள், ஆண் மீனாகப் பார்த்து. வாலில் நிறமும், வயிற்றுக்குக் கீழே குச்சிபோல் ஒடுங்கிய துடுப்பும் இருந்தால் ஆண். பெண் கப்பி ஒருமுறை இணைந்தாலே விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு மாதாமாதம் குட்டி போடும், தொட்டி நிரம்பிவிடும். ஏற்கெனவே இருப்பதில் பெண் இருந்தால், மொத்தம் ஆறு கப்பியில் பெண் இரண்டுக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து, சோதனையில் எல்லாம் பூஜ்யமாக இருந்தால், ஆறு வரிக்குதிரை டேனியோ சேர்க்கலாம். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளி ஓடைகளின் மீன் அது, தாக்குப்பிடிக்கும், கூட்டமாகச் சுற்றும்போது பார்க்க அவ்வளவு அழகு. அத்தோடு போதும். ஃபைட்டர் மீன்மேல் ஆசை இருந்தால் அதற்கு வேறு தொட்டி, கப்பியின் வாலைக் கடித்துவிடும்.

உங்களுக்குக் கொளத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டிகளிலும் குடும்பம் குடும்பமாக வண்ணமீன் வளர்க்கும் ஊர். நம் ஊர்த் தண்ணீரில் பிறந்த மீனை அங்கே வாங்குவது நல்லது. கடையில் தொட்டியைச் சற்று நேரம் நின்று பாருங்கள். துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி உள்ளது, ஒன்று செத்துக் கிடப்பது, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

பராமரிப்பில் பெரிய வேலை இல்லை. தினம் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு உணவு. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றம், சைஃபன் குழாயால் கல்லிடுக்கில் உள்ள அழுக்கை உறிஞ்சி எடுத்தபடியே. ஸ்பாஞ்ச் அடைத்தால், அப்படி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப மாட்டுங்கள். ஒரு மணி பிளான்ட் கிளையின் வேரைத் தண்ணீருக்குள்ளும் இலையை வெளியிலும் இருக்கும்படி வைத்தால் நைட்ரேட்டை உறிஞ்சிக்கொள்ளும். தொட்டியின் மொத்த எடை எழுபது கிலோ வரும், அதனால் டிவி ஸ்டாண்டில் இருந்தால் முதல் வேலையாக உறுதியான, மட்டமான மேஜைக்கு மாற்றுங்கள், ஜன்னல் வெயில் படாத இடத்தில்.

ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். மூடியை எடுத்துவிட்டு வலையால் மூடுங்கள், லைட்டைக் குறையுங்கள், டேபிள் ஃபேன் காற்றுத் தண்ணீர்ப் பரப்பில் படும்படி வைத்தால் இரண்டு டிகிரி வரை இறங்கும். குறையும் தண்ணீரைக் குளோரின் இல்லாத தண்ணீரால் நிரப்பிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும், மின்வெட்டு ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அதைப் போட்டுவிட்டு, மின்சாரம் வரும்வரை உணவு போடாதீர்கள்.