எங்கள் கத்தோலிக்கப் பங்கில் முகாம் அகதிகளுக்கு உதவ நினைக்கிறோம். அரிசி, துணி தவிர என்ன செய்யலாம்?

நான் கும்மிடிப்பூண்டிக்காரன். ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திராவின் தடா. இலங்கைத் தமிழர் முகாம் ஊரிலேயே இருப்பதால் எங்கள் அன்பியக் கூட்டங்களிலும் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் குழு) இந்தக் கேள்வி வரும்.

கிறிஸ்துமஸுக்கு அரிசி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அரசு உதவித்தொகை வருகிறது, ஆண்கள் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். அவர்களை அதிகம் அலைய வைப்பது காகிதம்தான், அதாவது பிறப்பு, குடியுரிமை ஆவணங்கள்.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் உண்டு, இலங்கை இல்லை. ஆனால் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன், பெற்றோர் இலங்கைக்காரர்களாக இருந்தாலும். 1983 கலவரத்துக்குப் பின் வந்த குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1986-ல் ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய் பாஸ்போர்ட் வாங்கினார். 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார்.

பங்கு அலுவலகத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேடு இதற்கு உதவும். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். அதுவே பிறப்புச் சான்றிதழ் ஆகிவிடாது, சரி. ஆனால் பிறப்பைத் தாமதமாகப் பதிய மனு கொடுக்கும்போது துணை ஆவணமாக வைக்கலாம். முகாமில் இந்துக்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கைப் பதிவைத் தேட வேண்டும். அதற்கும் உங்கள் ஆள் ஒருவர் கூடப் போகலாம். தாலுகா ஆபீசில் ரிடையர் ஆனவர் யாராவது பங்கில் இருந்தால் விடாதீர்கள், எந்த மேசையில் எதைக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கல்யாண ஓலை (கோயிலில் திருமண அறிவிப்பு) வாசிக்கும்போதும் கவனம் வேண்டும். உள்ளூர்ப் பெண் முகாம் பையனைக் கட்டினால், பிள்ளைக்கு அம்மா வழியில் குடியுரிமை தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்த பிள்ளைக்கு அப்படி இல்லை. பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராகக் கருதப்பட்டால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. திருமணத் தயாரிப்பு வகுப்பிலேயே ஒரு வக்கீலைக் கூப்பிட்டு இதைச் சொல்ல வைக்கலாம்.

படிப்பு விஷயத்தில் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். இயேசு சபையின் அகதிகள் பணியினர் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தி வந்தவர்கள், அவர்களிடம் கேளுங்கள்.

அப்புறம், பேனர் பிடித்துக்கொண்டு கூட்டமாகப் போகாதீர்கள். முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். முதலில் முகாம் தலைவரிடம் பேசுங்கள். அதிகாரிகள் ஆட்களைச் சரிபார்க்கும் செக்கிங் நாளைத் தவிருங்கள், அன்று வேலைக்குப் போகிறவர்கள்கூட லீவு போட்டுவிட்டுப் பெயர் கூப்பிடக் காத்திருப்பார்கள்.