கொமிக் கொன்னுக்குப் போகச் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கொக்குவிலைச் சேர்ந்த 23 வயதுப் பெண். தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பாடசாலைக் காலந்தொட்டு அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் படங்களைப் பார்ப்பதும் மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதைகளை வாசிப்பதும் அந்தப் பாத்திரங்களை வரைவதுமே என் பொழுதுபோக்கு. கொழும்பில் நடக்கும் கொமிக் கொன் என்ற சித்திரக்கதை ரசிகர் கூடலுக்கு இந்த முறையாவது, எனக்குப் பிடித்த பாத்திரத்தின் உடையில், இரண்டு தோழிகளோடு போக ஆசைப்படுகிறேன். வீட்டில் தைத்தால் அம்மா கேட்பார் என்பதால் உடையை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க 28,000 ரூபாய், லொட்ஜில் இரண்டு இரவு தங்க என் பங்கு 9,000, போக்குவரத்துக்கு 6,000, இரண்டு நாள் நுழைவுச்சீட்டுக்கு 3,000, சாப்பாட்டுக்கும் அங்கே பொருட்கள் வாங்கவும் 15,000 என்று மொத்தம் 61,000 ரூபாய் வருகிறது. என்னிடம் 35,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. மிச்சத்துக்கு என் சங்கிலியை அடகு வைக்க யோசிக்கிறேன். அம்மாவிடம் அலுவலகப் பயிற்சி என்று சொல்லப் போகிறேன். கொழும்பில், வெள்ளவத்தையில் சித்தி இருக்கிறார். ஆனால் இதற்காக வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருப்பதால் அங்கே தங்கவில்லை. கனடாவில் உள்ள மச்சாள், அங்கே இதைவிடப் பல மடங்கு செலவாகும் என்கிறாள். அடுத்த வருடம் சென்னைக்கும் போவோம் என்று தோழிகள் சொல்கிறார்கள். இப்படிச் செலவழிப்பது பிழையா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பிழையில்லை. உங்களுடைய உழைப்பில் சேர்த்த காசை, பல வருடங்களாக நீங்கள் நேசித்துவரும் ஒன்றை அதே அளவு நேசிக்கும் மனிதர்களோடு கூடிக் கொண்டாடச் செலவழிப்பதில் எந்தப் பிழையும் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்காகக் கடல் கடந்து வருகிற நம்மவரிடம் விமானச் சீட்டுக்கு எவ்வளவு முடிந்தது என்று யாரும் குறையாகக் கேட்பதில்லை; கூடுவதற்காகச் செலவழிப்பது நமக்குப் புதிதன்று. நீங்கள் போக விரும்புகிற கூட்டமும் நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970இலும், தோக்கியோவில் வாசகர்கள் தாமே வரைந்து அச்சிட்ட மங்காக்களை விற்பதற்காக 1975இலும், டில்லியில் 2011இலும், கொழும்பில் 2015இலும் இப்படியான கூடல்கள் தொடங்கின. ஆகவே போங்கள். ஆனால் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். வைக்க வேண்டிய தேவையே இல்லை என்பதை நீங்கள் எழுதிய கணக்கே சொல்கிறது.

அந்தக் கணக்கை நான் நான்கைந்து தடவை வாசித்தேன். 61,000 ரூபாயில் நுழைவுச்சீட்டு 3,000 ரூபாய் மட்டுமே. நூற்றுக்கு ஐந்து கூட வரவில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி தூரத்தின் விலை. கொழும்பை ஒட்டிய தெகிவளையில் இருக்கும் பெண் காலையில் பஸ் ஏறிப் போய் மாலையில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொள்ள, நீங்கள் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் கடந்து போய் அதே மண்டபத்துக்குள் அதே சீட்டோடு நுழைய வேண்டியிருக்கிறது. பெரிய நிகழ்வுகள் எல்லாம் தலைநகரிலேயே நடப்பதால் வடக்கில் இருப்பவர் வழிக்கும் சேர்த்துக் காசு கட்டவேண்டியிருப்பது நியாயமான மனத்தாங்கல்தான். அதில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். ஆனால் தூரத்துக்கு நீங்கள் எழுதிய தொகை 6,000 ரூபாய் மட்டுமே. வீட்டில் இருந்து தைத்தால் அம்மா கேட்பார் என்பதால் உடையை ஆயத்தமாக எடுப்பிக்கிறீர்கள். சித்திக்குத் தெரியக்கூடாது என்பதால் லொட்ஜுக்குப் போகிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தே 37,000 ரூபாய் ஆகின்றன. உங்களுக்குத் துண்டு விழுகிற தொகையோ 26,000. தங்கையே, உங்கள் சங்கிலி அடகுக்குப் போவது கொமிக் கொன்னுக்காக அன்று, அதை ஒளிப்பதற்காக.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2002இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததற்கு அடுத்த வருடம், பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் செப்டம்பரில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்கு நான் முதன்முறையாகப் போனேன். புத்தகம் வாங்கக் கொழும்புவரை போவதா என்று ஐயா மறிப்பார் என்ற பயத்தில், ஒரு சான்றிதழ் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். முகமாலை, ஓமந்தைச் சோதனைச்சாவடிகளில் இறங்கி, பொதியை அவிழ்த்துக் காட்டி, ஏறிப் போய்ச் சேர்ந்த களைப்பும் பரவசமுமாக, உள்ளே நுழைந்த முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்பி வருவதற்கான காசையும் சேர்த்துப் புத்தகங்களுக்குக் கொடுத்துவிட்டேன். உறவினர் வீட்டுக்குப் போனால் செய்தி ஊருக்கு முந்திவிடும் என்று அங்கேயும் போகாமல், அறிமுகமே இல்லாத ஓர் இடத்தில் அதிக காசு கொடுத்துப் படுத்தேன். கடைசியில் அதே உறவினரிடம்தான் பஸ்ஸுக்குக் கைமாற்று வாங்க நேர்ந்தது. அந்தப் புத்தகங்கள் இன்றும் என் அலுமாரியில் இருக்கின்றன. அவற்றை வாங்கியதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்றச் செலவழிந்த காசும், ஐயாவோடு அந்தப் புத்தகங்களைப் பற்றிப் பேச முடியாமல் போன மாதங்களுமே இன்றுவரை உறுத்துகின்றன.

இனி உடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம், ஏனெனில் உங்கள் கணக்கின் பாதி அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கும் கொஸ்பிளே (பாத்திர வேட) உடைக்கு நீங்கள் எழுதிய 28,000 ரூபாயோடு முடியும் என்று நம்ப வேண்டாம்; சுங்கத்தில் வரி விழலாம், அளவு பொருந்தாவிட்டால் இங்கே ஒரு தையல்காரரிடம் பிரித்துத் தைக்க வேண்டும், பொதி நாள் பிந்தினால் முழுத் தொகையும் வீணாகும். இந்தக் கூடல்களில் மதிப்புப் பெறுவதோ பெரும்பாலும் கையால் செய்த உடைதான். போட்டிகளில் நடுவர்கள் தையலையும் வேலைப்பாட்டையும் பார்ப்பதுண்டு. துணியை நகரத்தில் வெட்டுத்துணியாக எடுத்தால் மலிவு. கவசம், தோள்பட்டை, வாள் போன்றவற்றை ஃபோம் தாளிலும், ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையிலும் வெட்டி, ஒட்டி, நிறம் அடிக்கலாம். ரெஜிபோமுக்கு நேரே ஸ்பிரே பெயின்ற் அடித்தால் அது உருகிவிடும்; முதலில் கடதாசியும் பசையும் கொண்டு மூடி, காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். இந்தக் கைவேலை தெரிந்தவர்கள் யாழ்ப்பாணத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். யேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகத்துக்கு உரோமப் போர்வீரரின் தலைக்கவசத்தையும் மார்புக்கவசத்தையும் செய்கிறவர்களையும், கூத்துக்கு மணிமுடியும் புயகீர்த்தி என்ற தோளணியும் கட்டுகிறவர்களையும் தேடிப் போய்க் கேளுங்கள். அட்டையை எப்படி வளைத்தால் உடையாது, சரிகைத் தாளை எங்கே ஒட்டினால் தூரத்திலிருந்து பொன் போலத் தெரியும் என்பதை அவர்கள் ஒரு பின்னேரத்தில் சொல்லித் தருவார்கள். ஆயத்தமாக வாங்க வேண்டியது விக் ஒன்றுதான். அதை வீட்டில் செய்வது கடினம்.

எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள் முடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் அதை அணிந்துகொண்டு வீட்டில் அரை நாள் வேலை செய்து பாருங்கள்; எங்கே இறுக்குகிறது, எங்கே பிய்கிறது என்பது அப்போது தெரியும். பஸ்ஸில் கொண்டுபோக வேண்டியிருப்பதால் பெரிய பாகங்கள் கழற்றி மடிக்கக்கூடியனவாக இருக்கட்டும். நிசமான துப்பாக்கி போலத் தோன்றும் பொருளையும் படைச் சீருடையை ஒத்த உருமறைப்புத் துணியையும் தயவுசெய்து தவிருங்கள். வாசலில் மறித்தால் செய்த உழைப்பு வீணாகும் என்பது ஒருபுறம் இருக்க, இங்கிருந்து அவற்றோடு பயணம் செய்வதே வேண்டாத தொல்லை.

இரண்டு நாளும் நிற்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். கடைகள் பெரும்பாலும் இரண்டு நாளும் அவையேதான். நிகழ்ச்சி நிரல் வந்ததும் கொஸ்பிளேப் போட்டி எந்த நாளில் என்று பார்த்து, அந்த ஒரு நாளுக்கு மட்டும் சீட்டு எடுங்கள். முதல்நாள் இரவு பஸ் ஏறினால் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கலாம்; சித்தி வீட்டில் குளித்து, உடுத்து, அங்கிருந்து மூவருமாக ஓர் ஓட்டோவில் போய், பின்னேரம் அங்கேயே திரும்பி உடை மாற்றிக்கொண்டு இரவு பஸ்ஸைப் பிடிக்கலாம். அப்படியானால் உடைக்கு 9,000, போக்குவரத்துக்கு அதே 6,000, சீட்டுக்கு 1,500, சாப்பாட்டுக்கு 2,500, பொருட்கள் வாங்க 7,000, தொடாமல் வைத்திருக்க 5,000 என்று 31,000 ரூபாய் ஆகும். உங்கள் சேமிப்பில் 4,000 மிஞ்சும். தொடாமல் வைக்கும் அந்த 5,000 ரூபாயைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கைப்பையில் இருந்தால் அது மண்டபத்துக்குள் கரைந்துவிடும் என்பதை 2003இல் நான் கண்டிருக்கிறேன்.

மண்டபத்துக்குள் போனதும் எதையும் வாங்காமல் ஒருமுறை முழுதாகச் சுற்றி வாருங்கள். ஒரே பொம்மை மூன்று கடைகளில் மூன்று விலையில் இருக்கக்கூடும். புகழ்பெற்ற பாத்திரங்களின் உருவச்சிலைகளில் போலிகளும் கலந்திருக்கும். அந்த 7,000 ரூபாயில் பெரும்பகுதியை, தாமே வரைந்த படங்களையும் சிறு புத்தகங்களையும் மேசையில் பரப்பி வைத்திருக்கும் நம் நாட்டு ஓவியர்களிடம் கொடுக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்களும் வரைகிறவர், அந்தக் காசு அவர்களுக்கு எவ்வளவு பெறுமதியானது என்று உங்களுக்கு விளங்கும்.

மச்சாள் சொல்வது உண்மைதான். ரொறன்ரோவில் நடக்கும் ஃபான் எக்ஸ்போ போன்றவற்றில் உள்ளே போகும் சீட்டு ஒரு செலவு. நடிகரின் கையெழுத்துக்கும் அவரோடு படம் எடுப்பதற்கும் வேறு வேறாகக் காசு கட்ட வேண்டும். பெயர்பெற்ற விருந்தினர் பலருக்கு இவ்வளவு தொகை நிச்சயம் என்று ஏற்பாட்டாளர் முன்கூட்டியே வாக்களித்து, அதைக் கையெழுத்துக் கட்டணத்தால் ஈடுசெய்வார். வசூல் குறைந்தால் மிச்சத்தைத் தம் கையிலிருந்து போடுவார். மண்டப வாடகை, காப்புறுதி, பாதுகாப்பு ஆகியவையும் அந்த விலைகளுக்குள் அடங்கும். அந்தச் செலவோடு உங்கள் செலவை ஒப்பிட்டு, இது மலிவு என்று தேறுதல் கொள்ள வேண்டாம். அவள் சம்பளம் டொலரில் வருகிறது, உங்களுடையது ரூபாயில்.

அடகைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு வட்டி தெரியும். மாதச் சம்பளத்தில் மீட்கத் தொடங்கினால், அடுத்த வருட நிகழ்வுக்குச் சேர்க்க வேண்டிய மாதங்களில் பெரும்பாலும் போன வருட நிகழ்வுக்கே கட்டிக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக மாதம் 3,000 ரூபாய் ஒதுக்கினால் வருடத்தில் 36,000 சேரும். இந்தக் கணக்கின்படி ஒரு முறை போய்வர அது போதும்.

சென்னைக்கு அவசரப்பட வேண்டாம். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024 பெப்ரவரியில் முதன்முறையாகக் கொமிக் கொன் நடந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலியிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருப்பதால் ஆசை வருவது இயல்பு. ஆனால் அவை எழுபது எண்பது பேர் ஏறும் சிறிய விமானங்கள். கவசமும் வாளும் கொண்ட உடைக்குப் பொதி எடை உடனே இடிக்கும். காங்கேசன்துறைக் கப்பலில் போனால் நாகபட்டினத்தில் இறங்கி அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் போக வேண்டும். விசாவும் எடுக்க வேண்டும்; தங்குமிடம் போன்றவை இந்திய ரூபாய்க்கு மாற்றிக் கொடுக்கும் செலவுகள். நம் குடும்பங்கள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கவும் கோயில்களுக்குப் போகவும் எப்படியும் தமிழகத்துக்குப் போய்வருகின்றன. அப்படியொரு பயணம் உங்கள் வீட்டில் வரும்போது அதைப் பெப்ரவரிக்குப் பொருத்த முடியுமா என்று பாருங்கள். தனியாக அதற்கென்று போவதானால் குறைந்தது இரண்டு வருடம் சேர்க்க வேண்டும்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம். சேமிப்புப் புத்தகத்தையும் இந்த 31,000 ரூபாய்க் கணக்கையும், உங்கள் வரைதல் கொப்பியையும் ஒன்றாகக் கொண்டுபோய் வைத்துச் சொல்லுங்கள். முதலில் கோபிக்கலாம். யார் கூட வருகிறார்கள், இரவில் எங்கே நிற்பீர்கள் என்று கேட்பார். சித்தி வீடு என்ற பதில் உங்களிடம் இருக்கும்போது அவர் பாதி சமாதானம் ஆவார். தையல் தெரிந்தவரானால் கையைப் பிடித்து அளவெடுக்கக் கேளுங்கள். அவர் மறுத்தாலும் பொய் சொல்லிப் போக வேண்டாம். 23 வயதுப் பெண்ணாக, இன்ன திகதியில் போய் இன்ன திகதியில் வருவேன் என்று சொல்லிவிட்டே போங்கள்.

சித்திக்கு இந்த வாரமே தொலைபேசி எடுங்கள். மூன்று பிள்ளைகள் விடியப்புறம் வந்து குளித்து உடுத்தப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல், பனங்கட்டிக் குட்டானும் கொஞ்சம் மோர் மிளகாயும் கட்டிக்கொண்டு போங்கள்.