'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' படத்தில் கதையே இல்லை, வெறும் அடிதடி என்கிறார்களே, பார்க்கலாமா?

தாராளமாகப் பாருங்கள். ஆனால் கதையே இல்லை என்று உங்களிடம் சொன்னவர்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிண்டல் இல்லை. புரூஸ் லீயின் 1971 படம் 'தி பிக் பாஸ்'. (ஆட்களை வீட்டுக்குள் அடைத்துவைக்கும் நிகழ்ச்சி அல்ல.) அமெரிக்காவில் அதற்கு 'ஃபிஸ்ட்ஸ் ஆஃப் ஃப்யூரி' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 1972இல் வந்த அசல் 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' அங்கே 'தி சைனீஸ் கனெக்‌ஷன்' ஆகிவிட்டது. என் நண்பன் ஒருவன் இந்தப் படத்தை அரை மணி நேரம் கிழித்துத் தொங்கவிட்டான். கடைசியில், "அந்த ஐஸ் ஃபேக்டரி சண்டை மட்டும் பரவாயில்லைடா" என்றான். இந்தப் படத்தில் ஐஸ் ஃபேக்டரியே கிடையாது, அது 'தி பிக் பாஸ்' படத்தில் வருவது!

சரி, கதைக்கு வருகிறேன். ஷாங்காய்க்குத் திரும்பிவரும் சென் ஜென் (புரூஸ் லீதான்), தன் குங்ஃபூ ஆசான் இறந்துவிட்டார் என்று அறிந்து, கொட்டும் மழையில் புதைகுழிக்குள் குதித்துச் சவப்பெட்டி மேல் விழுந்து கதறுகிறான். அஞ்சலிக் கூட்டத்துக்கு ஜப்பானியத் தற்காப்புக்கலைப் பள்ளிக்காரர்கள் 'கிழக்காசியாவின் நோயாளிகள்' என்று எழுதிக் கொண்டுவந்து அவமானப்படுத்துகிறார்கள். அவன் தனி ஆளாக அவர்கள் பள்ளிக்கே போய் எல்லோரையும் துவைத்துவிட்டு, அந்தக் காகிதத்தைத் தின்னவும் வைக்கிறான். இந்த இடத்தில் கைதட்டாதவர் யாரும் இருக்க முடியாது. நானும் தட்டியவன்தான். ஆனால் அவன் அங்கே அடித்ததற்குப் பதிலடி அவன் தலையில் விழவில்லை, கூடப் படித்தவர்கள் தலையில்தான் விழுகிறது. கதை இல்லை என்பவர்கள் கைதட்டிவிட்டு எழுந்து போனவர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், நானும் ஒருமுறை பழிவாங்கப் போனவன். கராத்தே வகுப்பில் ஒரு சீனியர் பயிற்சிச் சண்டையில் என் விலாவில் ஓங்கி உதைத்தார். தெரியாமல்தான் பட்டிருக்கும், இப்போது தெரிகிறது. அப்போது மூன்று வாரம் தூங்காமல் திட்டம் போட்டேன். மறுபடி ஜோடி சேர்ந்த அன்று, முன்னுதைக்குக் கால் விரல்களை மேலே மடக்க வேண்டும், விரல்களுக்குக் கீழே இருக்கும் சதையால்தான் உதைக்க வேண்டும் என்ற முதல் வாரப் பாடம்கூட மறந்துபோனது. விரல்கள் நீட்டியபடியே அவர் முழங்கையில் போய் மோதின. 'டக்'கென்று ஒரு சத்தம். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டுப் போட்டு, ஆறு வாரம் நொண்டினேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனதும் அதே சீனியர்தான்.

அதைவிட எரிச்சல் என்ன தெரியுமா? அடுத்த பெல்ட் தேர்வுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தேன். எலும்பு முறிந்திருக்கிறது, அடுத்த தேர்வுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றால், கட்டியது கட்டியதுதானாம். அடுத்த முறைக்குத் தனியாகக் கட்ட வேண்டுமாம். கலர் மாறிய ஒரு துணிப்பட்டைக்கு! இன்றைக்கும் ஆறவில்லை. கராத்தே வேறு, குங்ஃபூ வேறு என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கும் தெரியும்.

குறையே இல்லாத படம் என்றும் சொல்லவில்லை. ஜப்பானியர்கள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த வில்லன்கள். நாயகன் பத்திரிகை விற்பவனாகவும் டெலிபோன் ரிப்பேர்காரனாகவும் வேஷம் போடுவது சிரிப்புதான். ஒவ்வொருவராக வந்து அடிவாங்குகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் பாதி நியாயம். ஆனால் உதை கிளம்புவதும் படுவதும் ஒரே ஷாட்டில் தெரிகிறது. இப்போது ஓர் உதைக்கு நாலு வெட்டு, யார் கால் யார் முகத்தில் பட்டது என்றே புரிவதில்லை.

முடிவைச் சொல்லிவிடப் போகிறேன், படம் வந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது, திட்டாதீர்கள். தன் பள்ளி தப்பிக்கட்டும் என்று சரணடைய ஒத்துக்கொண்டவன், வாசலில் நீட்டிய துப்பாக்கிகளைப் பார்த்துப் பாய்கிறான். காற்றில் அப்படியே உறைகிறது படம். வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது, உடல் விழுவதைக் காட்டுவதில்லை.

ஆங்கில டப்பிங் வேண்டாம், மாண்டரினில் சப்டைட்டிலோடு பாருங்கள். நடுவில் ஐஸ் ஃபேக்டரி வந்தால் நிறுத்திவிட்டுப் பெயரைச் சரிபாருங்கள்.