ஆர்தர் மோர்கன் யார் பக்கம்? கேள்வி பதில்

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ என்ற வீடியோ கேம் 2018 அக்டோபரில் வந்தது. கதை நடப்பது 1899இல், அமெரிக்காவில். டச் வான் டெர் லிண்ட் நடத்தும் கொள்ளைக் கூட்டத்தில் அவனுக்கு வலதுகை ஆர்தர் மோர்கன். தஞ்சை, திருவாரூர், நாகை பக்கத்து நண்பர்கள் ஆர்தரைப் பற்றிக் கேட்டவற்றுக்குத்தான் இந்தப் பதில்கள். முடிவு வரைக்கும் பேசியிருக்கிறேன். கேமை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள்.

டச் தப்பான வழியில் போவது தெரிந்தும் ஆர்தர் கூடவே நிற்கிறானே, அண்ணே. அவன் கும்பகர்ணனா, வீடணனா? (தேரழுந்தூர்)

கம்பன் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். கும்பகர்ணன், சீதையை விட்டுவிடு என்று அண்ணனிடம் நேராகச் சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை என்றதும் அவனுக்காகவே போருக்குப் போகிறான். ஆர்தரும் முக்கால்வாசிக் கதை வரை அப்படித்தான். குவார்மா தீவில் வழிகாட்டி வந்த கிழவியை டச் கொல்கிறான். ஆர்தர் ஏன் என்று கேட்கிறான், முகம் சுளிக்கிறான், அப்புறம் டச் பின்னாலேயே நடக்கிறான். சிறு வயதிலிருந்து எடுத்து வளர்த்தவர்கள் டச்சும், கூட்டத்தின் மூத்தவர் ஹோசியாவும். செஞ்சோற்றுக் கடன் லேசில் விடுமா?

ஆனால் கூட்டத்தைத் துரத்தும் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்து ஆட்கள், கூட்டாளி ஜானின் துணைவி அபிகேலைப் பிடித்துப் போனபோது டச் வர மறுக்கிறான். ஆர்தர், கூட்டத்தில் இருக்கும் சேடி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். அதற்காக அவனை வீடணன் என்றும் சொல்ல முடியாது. டச்சைக் காட்டிக்கொடுத்தால் உன்னை விட்டுவிடுகிறோம் என்று பிங்கர்டன் அதிகாரி மில்டன் ஆற்றங்கரையில் ஆரம்பத்திலேயே பேரம் பேசினார். ஆர்தர் மசியவில்லை, கடைசிவரை எதிராளி பக்கம் போகவும் இல்லை. டச்சை விட்டு விலகியதுகூட டச் கைவிட்ட ஆட்களைக் காப்பாற்றத்தான். அவனுடைய விசுவாசம் அந்தக் கூடாரங்களில் சேர்ந்து சாப்பிட்டவர்களிடம் இருந்தது என்பது என் கட்சி.

காசநோய் வந்து, சாகப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே திருந்தினான்? அது பயம்தானே? (மன்னார்குடி)

பயம் இருந்தது. ரயில் நிலையத்தில் ஒரு கன்னியாஸ்திரீயிடம் பயமாக இருக்கிறது என்று அவனே சொல்கிறான். விளையாடும்போது அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்.

கூட்டத்தின் வட்டிக்காரர் ஸ்ட்ராஸ் கடனாக விட்ட பணத்தை வசூலிக்க ஆர்தர் தாமஸ் டவுன்ஸ் வீட்டுக்குப் போகிறான். நம் பக்கம் குறுவைக்குக் கடன் வாங்கிய வீட்டில், யாரும் கூப்பிடாமலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்காரும் வசூல் ஆள் மாதிரிதான் போகிறான். டவுன்ஸ் நோயாளி, வேலியோரம் நிற்கவே தள்ளாடுகிறார். ஆர்தர் அடிக்கிறான். அவர் இருமும்போது ரத்தம் ஆர்தர் முகத்தில் தெறிக்கிறது. மனைவி எடித் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறார். இந்த மிஷனைத் தவிர்க்க வழியே கிடையாது, நம் கையாலேயே அடிக்க வேண்டியிருக்கிறது.

ஆர்தருக்கு ஐசக் என்று ஒரு மகன் இருந்தான். அவனையும் தாயையும் கொள்ளையர்கள் கொன்றார்கள், வெறும் 10 டாலருக்காக. அதைச் சுமந்துகொண்டிருந்தவன்தான் இன்னொரு குடும்பத்தின் வாசலில் நின்று காசு கேட்கிறான். செய்வது தவறு என்பது அவனுக்கு முன்பே தெரியும். டைரியில் தன்னைத் தானே திட்டி எழுதுகிறான். டச்சிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்ற சமாதானம்தான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது. நோய் வந்ததும் அதை நம்ப அவனிடம் நாள் இல்லை. பின்னால் எடித்தையும் மகனையும் தேடிப்போய்ப் பணம் கொடுக்கிறான், மன்னிப்பை எதிர்பார்க்காமல். வெறும் பயத்தில் இருப்பவன் இதைச் செய்வானா?

டிராலி (டிராம் வண்டி) விபத்தில் தலையில் அடிபட்டுத்தான் டச் மாறினானா? (திருத்துறைப்பூண்டி)

இல்லை. கேம் தொடங்கும் முன்பே, பிளாக்வாட்டர் ஊரில் நடந்த படகுக் கொள்ளையில் ஹெய்டி மெக்கோர்ட் என்ற பெண்ணை டச் சுட்டுவிட்டான். ஆர்தர் அங்கே இல்லாததால் நமக்கும் அது காதால் கேட்ட சேதியாக நின்றுவிடுகிறது. ஹோசியா உயிரோடு இருந்தவரை டச்சை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கூட்டத்து ஆள் மைக்கா பிளாக்வாட்டரிலேயே பிங்கர்டனிடம் காட்டிக்கொடுத்தானா? (நாகப்பட்டினம்)

குவார்மாவிலிருந்து திரும்பிய பிறகு என்று மில்டனே சொல்கிறார். ஆர்தர் பிழைக்க மாட்டான் என்று நினைத்துச் சொல்வது அது. பொய் சொல்ல அவருக்கு என்ன அவசியம்?

நான் முழுக்க லோ ஹானரில் (கெட்டது செய்து மதிப்பு இறங்கிய நிலையில்) விளையாடினேன். என் ஆர்தரும் நல்லவன்தானா? (கும்பகோணம்)

நல்லவன் என்று சொல்ல மாட்டேன், தங்கச்சி. கண்ணில் பட்டவரை எல்லாம் சுட்டுவிட்டு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் ஹானர் எவ்வளவு இறங்கினாலும் அபிகேலை மீட்கப் போவது மாறுவதில்லை. கடைசியில் கூட்டத்தின் பணத்தை எடுக்கத் திரும்பாமல் ஜானோடு போனால், உங்கள் ஆர்தரும் தன் தொப்பியை ஜானுக்குக் கொடுத்துத்தான் அனுப்புவான். அப்புறம் மைக்கா அவனைச் சுடுகிறான். ஹை ஹானரில் சூரிய உதயத்தைப் பார்த்தபடி சாகிறான். எப்படி விளையாடினாலும் ஆர்தர் பிழைப்பதில்லை.

முகாமிலேயே பெரிய விசுவாசி யார்? (வலங்கைமான்)

எல்லோரும் சார்ல்ஸ் என்பார்கள். மைக்காவை எதிர்த்து ஆர்தர் பக்கம் நின்று உயிரை விட்ட கிரிம்ஷா அம்மாவைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வேன். நான் சொல்வது ஸ்ட்ராஸ். ஆர்தர் முகாமை விட்டே துரத்திய அதே வட்டிக்காரர். கதை முடிந்த பின் வரும் எபிலாக்கில் பேச்சோடு பேச்சாக வரும், பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்: பிங்கர்டன் ஆட்கள் அவரைப் பிடித்து விசாரித்தார்கள், யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் காவலிலேயே செத்துப்போனார்.